ஓசிடிக்கு தெரபி தொடங்கப் போகிறவர்களுக்கு: முதல் டாக்டரிலிருந்து கடைசி செஷன் வரை

ஓசிடி (அப்செசிவ் கம்பல்சிவ் டிஸார்டர்) என்பது வேண்டாத எண்ணமும் அதை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் காரியமும் விடாமல் படுத்தும் மனநலப் பிரச்சினை. அதற்கு மாத்திரை தவிர வேறொரு சிகிச்சை உண்டு, அது நன்றாகவே வேலை செய்யும். இந்த விஷயம் என் காதில் விழவே பல வருடம் ஆனது. விழுந்த பிறகும் அதைச் செய்யத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்க நிறைய அலைந்தேன். நடுவில் ஒரு ஆலோசகரிடம் மாதக்கணக்கில் போனேன். நான் பயத்தைச் சொல்வேன், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது, கவலைப்படாதீங்க" என்பார். வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் பயம் திரும்பிவிடும். அந்த ஆறுதல்தான் என் நோய்க்குத் தீனியாக இருந்தது என்பதை வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் பணமும் காலமும் அப்படிப் போகக் கூடாது. அதற்காகத்தான் என்ன கேட்க வேண்டும், எதை எடுத்துப் போக வேண்டும், எவ்வளவு நாள் ஆகும், எங்கே தடுக்கி விழுவோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். இது பெரியவர்களுக்கானது. குழந்தைகளுக்கும் அடிப்படை முறை ஒன்றுதான் என்றாலும் அங்கே பெற்றோரும் சிகிச்சைக்குள் வந்துவிடுவதால் பல விஷயங்கள் மாறும்.

1. நோய் இதுதானா என்று முதலில் டாக்டரிடம் உறுதிசெய்யுங்கள்

ஓசிடியில் இரண்டு பாதி உண்டு. கூப்பிடாமலே மனசுக்குள் வந்து நச்சரிக்கிற எண்ணமோ காட்சியோ ஒரு பாதி. அது கிளப்பும் தவிப்பை அடக்க நாம் செய்கிற காரியம் மறுபாதி. இதைத்தான் கீழே சடங்கு என்கிறேன். அந்தக் காரியம் கை கழுவுவதாகவோ பூட்டை இழுத்துப் பார்ப்பதாகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை. மனசுக்குள் எண்ணிக்கை போடுவது, ஒரு வாக்கியம் 'சரியாக' வரும்வரை திரும்பச் சொல்வது, நேற்று நடந்ததை ஓட்டி ஓட்டிப் பார்ப்பது, "நான் யாருக்கும் கெடுதல் செய்யலையே?" என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருப்பது, எல்லாமே அந்த மறுபாதியில்தான் வரும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா, அல்லது வேலை, படிப்பு, உறவு ஏதாவது கெடுகிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள்.

நேரே தெரபிஸ்டிடம் போகாமல் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. கூடவே மனச்சோர்வு இருக்கிறதா, மாத்திரையும் தேவையா, இது வேறு ஏதாவது பிரச்சினையா என்பதை அவரால் பிரித்துச் சொல்ல முடியும். எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிற குணம் வேறு, ஓசிடி வேறு. இணையத்தில் உள்ள கேள்வித்தாள்களை நிரப்பி நீங்களே முடிவு செய்யாதீர்கள். "எனக்கு நிஜமாகவே ஓசிடிதானா?" என்று ராத்திரி முழுக்கத் தேடுவதே பலருக்கு நோயின் ஒரு பகுதியாக மாறிவிடும்.

டாக்டரிடம் வாய் திறப்பதுதான் கஷ்டம். பெற்ற குழந்தையைக் காயப்படுத்திவிடுவேனோ என்ற எண்ணம், வழிபாட்டு நேரத்தில் வரும் அசிங்கமான சொற்கள், பாலியல் காட்சிகள் இவற்றையெல்லாம் எப்படிச் சொல்வது? சொல்லலாம். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 மாணவர்களைக் கேட்டார்கள். முந்தைய மூன்று மாதத்தில் இப்படி வேண்டாத எண்ணம் ஒன்றாவது வந்ததாக 94 சதவீதம் பேர் சொன்னார்கள். எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. நமக்கு அது ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். "எனக்கு இப்படி எண்ணங்கள் வருகின்றன, எனக்கே அவை அருவருப்பாக இருக்கின்றன, செய்துவிடுவேனோ என்று பயந்து இதையெல்லாம் தவிர்க்கிறேன்" என்று ஆரம்பியுங்கள். அருவருப்பையும் தவிர்ப்பதையும் சேர்த்துச் சொல்வது முக்கியம், ஏனென்றால் அனுபவமில்லாதவர் எண்ணத்தை மட்டும் கேட்டு அதை நிஜ ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. வாய் வரவில்லையென்றால் தாளில் எழுதி நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

முதல் சந்திப்பிலேயே, ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் உங்கள் மதிப்பெண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 முதல் 15 வரை லேசானது, 16 முதல் 23 நடுத்தரம், 24 முதல் 31 கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. தொடக்கத்தில் இந்த எண் கையில் இல்லாவிட்டால், சில மாதம் கழித்து முன்னேறியிருக்கிறோமா என்பதை மனநிலையை வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஓசிடி உள்ளவரின் ஊகம் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் இந்த வரிசையையெல்லாம் விட்டுவிடுங்கள். இன்றே ஒரு டாக்டரிடமோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

2. சிகிச்சையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

"கவுன்சலிங் வேண்டும்" என்று கேட்டால் கவுன்சலிங் கிடைக்கும். ஓசிடிக்கு நீங்கள் கேட்க வேண்டியது ஈ.ஆர்.பி. முழுப்பெயர் எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன். சி.பி.டி. (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) என்ற பெரிய குடைக்குள் வரும் ஒரு முறை இது. அதனால் "சி.பி.டி. செய்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் போதாது, அதில் ஈ.ஆர்.பி. இருக்கிறதா என்று கேளுங்கள்.

செய்வது இதுதான்: எது தவிப்பைக் கிளப்புகிறதோ அதனிடம் திட்டம் போட்டு, படிப்படியாக, நீங்களே போவது. போன பிறகு வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருப்பது. தவிப்பு எழும், கொஞ்ச நேரம் நிற்கும், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் தணியும். சில நாள் தணியாது. தணியாதபோதும் உங்களால் அன்றைய வேலையைப் பார்க்க முடிகிறது என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பாடம் ஏறாது, செய்துதான் ஏற வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "ஒன்றும் ஆகாது" என்ற உத்தரவாதத்தைத் தேடித்தான் நாம் எல்லோரும் தெரபிக்குப் போகிறோம். ஈ.ஆர்.பி. அதைத் தராது. உத்தரவாதம் இல்லாமலே வாழப் பழக்கும். இது தெரியாமல் போகிறவர்கள் "இவர் என் பயத்தையே தீர்க்க மாட்டேன் என்கிறார்" என்று இரண்டாம் செஷனிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மூச்சுப் பயிற்சி, உடல் தளர்த்தும் பயிற்சி இவற்றை மட்டும் கொடுத்து அனுப்பினால் அது ஓசிடி சிகிச்சை ஆகாது. ஆய்வுகளில் ஈ.ஆர்.பி.யோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் தளர்வுப் பயிற்சியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அது பின்தங்கியே நின்றது. மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு எண்ணம் வரும்போது சுண்டிக்கொள்வதும் வேண்டாம். எண்ணத்தை விரட்ட விரட்ட அது இன்னும் அழுத்தமாக வரும். சிறுவயது நினைவுகளைப் பேசுவது வேறு வலிகளுக்கு உதவலாம், அதற்கு நான் எதிரியில்லை, ஆனால் பூட்டை முப்பது முறை இழுப்பது அதனால் நிற்காது.

3. தெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் நாட்டில் உளவியலாளர்களுக்குப் பதிவோ உரிமமோ தரும் அமைப்பு இருந்தால் முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள், முறையாகப் படித்தவர்கள் கேட்டவுடன் சொல்வார்கள். பிறகு, முன்பதிவு செய்யும் முன்பே, போனில் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டு இவற்றைக் கேளுங்கள்:

- ஓசிடி உள்ளவர்களைத் தொடர்ந்து பார்க்கிறீர்களா?
- உங்கள் சிகிச்சையில் ஒரு சாதாரண செஷன் எப்படி இருக்கும்?
- பயிற்சியை செஷனிலேயே நீங்கள் கூட இருந்து செய்ய வைப்பீர்களா, வீட்டுப்பாடமாக மட்டும் தருவீர்களா?
- தேவைப்பட்டால் அறைக்கு வெளியே வருவீர்களா, அல்லது வீடியோ கால் வழியாக என் வீட்டில் செய்ய வைப்பீர்களா?
- முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை மட்டும் வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம். "பயப்படுகிற விஷயங்களைப் பட்டியல் போடுவோம், சிறிதிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம், சடங்கைக் குறைப்போம்" என்ற பொருளில் ஏதாவது வந்தால் மேலே பேசுங்கள். "மனசு விட்டுப் பேசலாம், பாசிட்டிவாக யோசிக்கக் கற்றுத் தருகிறேன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். இரண்டே செஷனில் குணப்படுத்துகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள்.

அருகில் யாரும் இல்லையென்றால் ஆன்லைன் தெரபியைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். என் கணிப்பில் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இன்னும் வசதி. பிரச்சினை இருக்கும் அடுப்பும் கதவும் உங்கள் வீட்டில்தானே இருக்கின்றன, தெரபிஸ்டின் அறையில் இல்லையே.

4. ஃபைலில் என்னென்ன வேண்டும்

ஒரு சாதாரண ஃபைல் வாங்கி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு புது டாக்டரிடமும் கதையை முதலிலிருந்து சொல்லும் வேதனை குறையும்.

முதலில் நோயறிதல் எழுதிய டாக்டரின் கடிதம். அதில் நோயின் குறியீடு இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-10இல் எஃப்42, புதிய ஐ.சி.டி.-11இல் 6பி20. காப்பீட்டில் பணம் கேட்கப் போனால் முதலில் இதைத்தான் தேடுவார்கள். அடுத்து, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பட்டியல்: பெயர், உச்ச டோஸ், எத்தனை வாரம் சாப்பிட்டீர்கள், ஏன் நிறுத்தினீர்கள். இந்த நாலாவது விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஆனால் "பலன் இல்லை" என்பதும் "வாந்தி வந்தது, இரண்டு வாரத்தில் நிறுத்தினேன்" என்பதும் டாக்டருக்கு முற்றிலும் வேறு வேறு செய்திகள்.

பிறகு ஒரு வார டைரி. பெரிதாக எழுத வேண்டாம். நேரம், என்ன கிளப்பியது, என்ன எண்ணம், என்ன செய்தேன், எவ்வளவு நிமிடம் போனது, இப்படி ஐந்து பத்தி போட்ட தாள் போதும். டைரி ஒழுங்காக இல்லையே என்று திருத்தி எழுத ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு, அந்த அடித்தல் திருத்தலோடே கொண்டுபோங்கள்.

முதல் நாள் உங்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ரகசியம் காப்பது பற்றிய பத்தியை நிதானமாகப் படியுங்கள். எந்தச் சூழலில் வெளியே சொல்ல வேண்டிவரும், குறிப்புகளை யார் பார்க்கலாம், குடும்பத்தாரோடு பேச உங்கள் அனுமதி தேவையா என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் விடுப்புக்கோ நேர மாற்றத்துக்கோ கடிதம் வேண்டுமென்றால், நோயின் பெயர் இல்லாமல் "மருத்துவ சிகிச்சையில் இருக்கிறார்" என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள்.

5. செலவையும் காலத்தையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்

ஒரு செஷனின் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மொத்த கோர்ஸுக்குக் கணக்குப் போடுங்கள். சாதாரணமாக 12 முதல் 20 செஷன்கள். அதற்கு முன் மதிப்பீட்டுக்கு இரண்டு மூன்று, முடிந்தபின் எப்போதாவது போகும் தொடர் செஷன்கள் சில. வாரம் ஒன்று என்றால் மூன்றிலிருந்து ஐந்து மாதம். ஈ.ஆர்.பி. செஷன் 45 நிமிடத்தில் முடிவது கஷ்டம், 90 நிமிடம் நடத்துபவர்கள் உண்டு. அதற்கு ஒன்றரை மடங்கு கட்டணமா, இரண்டு செஷனாகக் கணக்கிடுவார்களா? ரத்து செய்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்? நடுவில் போனில் பேசினால் தனிக் கட்டணமா? இவற்றுக்கெல்லாம் பதிலைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

தீவிர முறையும் உண்டு. வார நாட்களில் தினமும் என்று மூன்று வாரத்தில் முடிப்பது ஒரு வகை. நார்வேயின் பெர்கனில் உருவான முறையில் நாலே நாளில் சிறு குழுவாக வைத்துச் செய்கிறார்கள். வாராவாரம் போக முடியாதவர்களுக்கும், வீட்டை விட்டே வெளிவர முடியாத அளவுக்கு முற்றியவர்களுக்கும் தீவிர முறை பொருந்தும். பயணம், தங்குமிடம், சம்பளமில்லாத விடுப்பு இவற்றையும் அதில் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

பணம் தட்டுப்பாடு என்றால் மூன்று வழி. மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகம் சார்ந்த மையங்களில் பயிற்சியில் உள்ளவர்கள் மூத்தவரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குப் பார்ப்பார்கள். காத்திருக்க வேண்டியிருந்தாலும் தரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குழு சிகிச்சை இருந்தால் செலவு பகிர்ந்துபோகும். இல்லையென்றால் முதல் ஐந்தாறு செஷனை நெருக்கமாக வைத்து முறையைக் கற்றுக்கொண்டு, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இந்த சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில், உங்கள் கையால், செலவில்லாமல் நடப்பது. அதற்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்பதுதான் பணத்தைவிடப் பெரிய கேள்வி. தேர்வோ வீடு மாறுவதோ அடுத்த வாரம் இருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆனால் ஒரு முறைதான். இரண்டாவது முறை தள்ளத் தோன்றினால் அது நோயின் பேச்சு.

6. முதல் சில செஷன்கள்: பட்டியல் போடுவது

முதலில் கேள்விகள்தான். பிறகு தவிர்க்கிற, பயப்படுகிற விஷயங்களையெல்லாம் எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை எண் போடச் சொல்வார்கள். சடங்கு செய்யாமல் இருந்தால் எவ்வளவு தவிப்பு என்று கற்பனை செய்து போடும் எண். கதவை ஒரே முறை பூட்டிவிட்டு மாடிப்படி இறங்குவது 40, பூட்டிவிட்டு ஊருக்கே போவது 90 என்பது போல. மேலே 100இல் இருப்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதை நாளைக்கே செய்யச் சொல்ல மாட்டார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் படியும் ஏற்றக் கூடாது என்பது இந்த முறையின் விதி. திடீரென்று பயமுறுத்தியோ கட்டாயப்படுத்தியோ செய்வது ஈ.ஆர்.பி. கிடையாது. உங்கள் நம்பிக்கையைப் புண்படுத்தவோ நிஜமான ஆபத்தில் தள்ளவோ யாருக்கும் உரிமை இல்லை. கேட்பது பெரும்பாலும் மற்றவர்கள் யோசிக்காமல் தினமும் செய்கிற காரியங்களைத்தான்.

கூடவே சடங்குக்கான விதிகளையும் எழுதி வாங்குங்கள். எப்போது கை கழுவலாம், எவ்வளவு நேரம், எத்தனை முறை பூட்டைத் தொடலாம் என்று தெளிவாக இருக்கட்டும். "குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற பொத்தாம்பொதுவான சொல்லை ஓசிடி தனக்கு வசதியாக வளைத்துக்கொள்ளும்.

7. பயிற்சி நடக்கும் விதம்

என்னுடைய முதல் பெரிய பயிற்சி தெரபிஸ்டின் கட்டடத்தில் இருந்த பொதுக் கழிவறையின் கைப்பிடி. விரல் நுனியால் தொட்டேன். "உள்ளங்கை முழுக்க" என்றார். முழுக்க வைத்தேன். பிறகு அதே கையால் சட்டைக் கையை, கன்னத்தை, போனைத் தொடச் சொன்னார். அவரும் அதையே எனக்கு முன்னால் செய்தார். இருவரும் அறைக்குத் திரும்பி உட்கார்ந்தோம். சில நிமிடத்துக்கு ஒரு முறை "இப்போ எவ்வளவு?" என்பார், நான் எண் சொல்வேன், அவர் குறித்துக்கொள்வார். நடுவில் தாங்க முடியாமல், "இதில் ஒன்றும் ஒட்டாதில்லையா?" என்று கேட்டேன். "ஒட்டலாம், ஒட்டாமலும் இருக்கலாம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த பதிலில் எனக்குக் கோபமே வந்தது. ஆனால் நான் அதுவரை வாங்கிய எல்லா ஆறுதலையும் விட அது எனக்கு நன்மை செய்தது. கழுவாமல் வீட்டுக்குப் போய், அதே போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குவதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

வெளியே தொடுவதற்கு ஒன்றுமில்லாத, முழுக்க மனசுக்குள்ளேயே நடக்கும் ஓசிடிக்கும் வழி இருக்கிறது. பயந்த காட்சியை ஒரு பக்கம் கதையாக, நிகழ்காலத்தில் எழுதச் சொல்வார்கள். "நான் கதவைப் பூட்டாமல் வந்திருக்கலாம். திரும்பிப் போகவில்லை. யாரோ உள்ளே நுழைந்திருக்கலாம். எனக்குத் தெரியவே தெரியாமல் போகலாம்" என்பது போல. அதை உங்கள் குரலிலேயே பதிவு செய்து தினமும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், சலிப்பு வரும்வரை. கடைசியில் "ஆனால் அப்படி நடக்காது" என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் மொத்தமும் வீண்.

இனி, எல்லோரும் விழுகிற குழிகள்.

கைப்பிடியைத் தொட்டுவிட்டு "வீட்டுக்குப் போனதும் கழுவிக்கொள்ளலாம்" என்று மனசுக்குள் கடன் சொல்வது. பையில் சானிடைசர் இருக்கிறது என்ற தெம்பில் செய்வது. பாட்டு கேட்டு, போன் பார்த்து, கவனத்தைத் திருப்பிக்கொண்டு செய்வது. இந்த மூன்றிலும் கை தொட்டிருக்கும், மனசு தொட்டிருக்காது.

இன்னொரு குழி நுட்பமானது. எண் இறங்குகிறதா இறங்குகிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பதும், பயிற்சியைத் துல்லியமாகச் செய்தேனா என்று சரிபார்ப்பதும் புதிய சடங்காக முளைக்கும். தெரபிஸ்டுக்கு நள்ளிரவில் அனுப்பும் சந்தேகக் குறுஞ்செய்தியும் அதே ரகம்தான். இதைக் கண்டால் அடுத்த செஷனில் முதல் விஷயமாகச் சொல்லுங்கள்.

சடங்கைச் செய்துவிட்டால்? நிச்சயம் ஒரு நாள் செய்துவிடுவீர்கள், எல்லோரும் செய்கிறோம். உடனே அதைக் கெடுத்துவிடுங்கள். கழுவிய கையோடு போய் அதே கைப்பிடியைத் திரும்பத் தொடுங்கள். சரிபார்த்துவிட்டால் "ஒருவேளை தவறாகப் பார்த்திருப்பேன்" என்று நினைத்தபடி நடையைக் கட்டுங்கள். இந்த ஒரு உத்தி என்னைப் பல நாள் காப்பாற்றியது.

8. வீட்டில் இருப்பவர்களை ஒரு செஷனுக்காவது கூட்டிப் போங்கள்

நம் வீட்டார் அன்பினால்தான் நம் சடங்கில் கூட்டாளியாகிறார்கள். நமக்காகக் கதவைச் சரிபார்க்கிறார்கள், வெளியிலிருந்து வந்ததும் உடை மாற்றுகிறார்கள், ஒரே கேள்விக்கு இருபது முறை பதில் சொல்கிறார்கள். சிகிச்சை தொடங்கியதும் இது நிற்க வேண்டும், ஆனால் ஒரே நாளில் கதவைச் சாத்துவது போல நிற்கக் கூடாது. தெரபிஸ்ட் முன்னிலையில் எதை எந்த வாரம் விடுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். ஆறுதல் கேட்டால் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் சேர்ந்தே தீர்மானியுங்கள். எங்கள் வீட்டில் "அது ஓசிடி கேட்கிற கேள்வி, நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா உன்கூட உட்கார்ந்திருக்கேன்" என்பது. வீட்டார் சிகிச்சையைக் கண்காணிக்கும் காவலராக மாறத் தேவையில்லை. திட்டுவதும் கேலி செய்வதும் சடங்கை ரகசியமாக்கும், குறைக்காது.

9. மாத்திரையும் வேண்டுமா?

லேசானது, நடுத்தரம் என்றால் பலர் தெரபியால் மட்டுமே தேறுகிறார்கள். கடுமையாக இருந்தாலோ மனச்சோர்வு சேர்ந்திருந்தாலோ இரண்டும் சேர்ந்து தேவைப்படலாம். செர்ட்ரலின், ஃப்ளுவோக்செடின், ஃப்ளுவோக்சமின் போன்றவைதான் முதலில் தருவது. மூன்று விஷயம் தெரிந்திருக்கட்டும். மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் டோஸ் அதிகம் வேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், அதனால் மூன்றாம் வாரத்தில் "வேலை செய்யலை" என்று நிறுத்தாதீர்கள். தேறிய பிறகும் குறைந்தது ஒரு வருடமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போது டாக்டர் சொல்படி மெதுவாகக் குறைக்க வேண்டும்.

குளோனசெபாம், அல்பிரசோலம் போல உடனே பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தெரபிஸ்டிடம் கட்டாயம் சொல்லுங்கள். பயிற்சிக்கு முன் அதைப் போட்டுக்கொண்டால் உடம்பு கற்க வேண்டியதைக் கற்காது. அதற்காக நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது, அது ஆபத்து. எழுதித் தந்த டாக்டரோடு பேசித்தான் மாற்ற வேண்டும்.

10. அளப்பது, மாற்றுவது, முடிப்பது

நாலைந்து செஷனுக்கு ஒரு முறை அதே யேல்-பிரவுன் அளவுகோலைத் திரும்ப நிரப்பக் கேளுங்கள். மதிப்பெண் 35 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் சிகிச்சை பலன் தருகிறது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 28இல் தொடங்கியவர் 18க்கு வந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். 12க்குக் கீழே வந்து நிலைத்தால் நோய் அடங்கியதாகவே சொல்லலாம். எண்ணங்கள் அப்போதும் வரும். வந்துவிட்டுப் போகும்.

ஆறேழு செஷன் ஆகியும் ஒரு பயிற்சிகூடத் தொடங்கவில்லை, பேச்சு மட்டுமே ஓடுகிறது என்றால் நேராகக் கேளுங்கள்: "எப்போது தொடங்கப் போகிறோம்?" தெளிவான பதில் இல்லையென்றால் ஆளை மாற்றத் தயங்காதீர்கள், உங்கள் மதிப்பெண்களையும் பட்டியலையும் நகல் வாங்கிக்கொண்டு. பயிற்சியெல்லாம் முறையாகச் செய்தும் எண் அசையவில்லையென்றால் அது உங்கள் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மறைவாக மனசுக்குள் ஓடும் சடங்கு, கவனிக்கப்படாத மனச்சோர்வு, போதாத டோஸ் என்று தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள் உண்டு. வாராந்திர முறையிலிருந்து தீவிர முறைக்கு மாறுவதும் அப்போது யோசிக்க வேண்டிய வழி.

முடிக்கும் கட்டத்தில் செஷன்களைத் திடீரென்று நிறுத்தாமல் இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று இடைவெளி விட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். கடைசி செஷனில் ஒரு தாளில் சேர்ந்து எழுதுங்கள்: உங்களுக்கு ஆரம்ப அறிகுறிகள் என்ன, எந்த மாதிரி நேரங்களில் தலைதூக்கும், அப்போது முதல் வாரம் என்ன பயிற்சி செய்வது, எத்தனை நாளில் அடங்காவிட்டால் திரும்ப அழைப்பது. தூக்கம் கெடும் காலம், புது வேலை, குழந்தை பிறந்த பின் வரும் மாதங்கள் இவற்றில் ஓசிடி திரும்ப எட்டிப் பார்க்கலாம். பழைய பயமாகவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பூட்டை விட்டுவிட்டு உடல்நலத்தையோ உறவையோ பிடித்துக்கொள்ளும். பொருள் மாறினாலும் சந்தேகம், தவிப்பு, சடங்கு என்ற ஓட்டம் அதேதான், சிகிச்சையும் அதேதான்.

அந்தத் தாளை ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். மதிப்பெண் தாள்கள், படிப் பட்டியல், ரசீதுகள் எதையும் கிழித்துப் போடாதீர்கள். திரும்பப் போக வேண்டிவந்தால் மறுபடி முழு கோர்ஸும் தேவைப்படாது, பெரும்பாலும் சில செஷன்களில் பிடி கிடைத்துவிடும். அப்போது மதிப்பீட்டுக்கான அந்த முதல் இரண்டு மூன்று செஷன்களின் செலவை இந்த ஃபைல் மிச்சப்படுத்தும்.